கோல் கம்பத்துத் தேசிக்காய்

ஸ்பெயினின் அந்தக் கடலோரச் சிற்றூரில் சுகந்தினியையும் மற்ற ஈழத்துச் சனங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே இடம் கால்பந்து மைதானம்தான். இன்று வெல்லாவிட்டால் கிளப்பையே மூடிவிடுவார்களாம். அதனால் ஆட்டம் தொடங்குமுன் தங்கள் அணியின் கோல் கம்பத்தில் தேசிக்காயும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். முன்கள வீரன் மத்தேயோ வேடிக்கை பார்த்தான். இது இருந்தால் பந்து உள்ளே வராது என்று கையை ஆட்டி விளங்கப்படுத்தினாள். சிரித்தான்.

உண்மையிலேயே வரவில்லை. எதிரணி அடித்த பந்தெல்லாம் கோலருகே வந்ததும் தூக்கம் பிடித்ததுபோல் தளர்ந்து ஒதுங்கிப் போனது. இடைவேளைக்குப் பிறகு மத்தேயோ அடித்த பந்தும் அப்படியே ஒதுங்கியது.

"ஐயோ, இஞ்சேருங்கோ," என்று கணவனின் கையைப் பிடித்தாள். "பக்கம் மாறிட்டினம். எங்கட தேசிக்காய் இப்ப அவங்கட கோலுக்கெல்லோ காவல் நிக்குது!"

"மெல்லக் கதையும். எங்கட ஆக்களுக்குக் கேட்டிடும்."

கடைசி நிமிடத்தில் மத்தேயோவின் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மத்தேயோ பந்தை வைத்தான். பிறகு கம்பத்தடிக்கு நடந்துபோய், அந்தச் சரத்தை அவிழ்த்து, வேலிக்கு மேலால் அவளிடம் நீட்டினான். நடுவர் விசிலை ஊதினார். மைதானம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது.

அவன் ஓடத் தொடங்கினான். சுகந்தினி புதுக் காரின் சில்லுக்கு வைப்பதுபோல் தேசிக்காயைத் தன் காலடியில் வைத்து, அவன் உதைத்த அதே கணத்தில் மிதித்தாள். பந்து இன்னும் காற்றில்தான் இருந்தது. அதற்குள் மைதானமெங்கும் தேசிக்காய் மணந்தது.