நீண்டுபோன வாக்கியங்கள்

"இது சோம்பேறி மெஷின், தம்பி. ஒரு பக்கத்தை முழுசாத் தூக்கி நிறுத்த இதுக்குத் தெம்பே இல்ல," என்றார் கழுகு.

சர்வீஸ்காரர் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே ஊதினார். ஒரு தலையணைக்குத் தேவையான தூசி வெளியே வந்தது.

"மாசா மாசம் நான் மத்தியானம் தூங்குறப்ப என் வீட்டுக்காரிதான் தொடைக்கிறா. எங்கே தொடைக்கிறாளோ!"

கழுகு என்பது அச்சகத்தில் வைத்த பெயர். புரூஃப் பார்த்துப் பிழை திருத்துவதில் அவருக்கு முன்னும் ஆள் இல்லை, பின்னும் ஆள் இல்லை. ஒரு தடவை ஓடும் பேருந்தில் உட்கார்ந்தபடி, எதிரே வந்த பேருந்தில் ஒருவர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததைப் பார்த்துவிட்டார். இறங்கி, அந்த வண்டியைத் துரத்திப் பிடித்து, பேனாவால் புள்ளியை வைத்துவிட்டு வந்தார்.

இரண்டு பேருந்துகளும் நின்றுகொண்டிருந்தன என்று சிலர் சொல்வார்கள். வயிற்றெரிச்சல்.

அவரைக் கண் டாக்டரிடம் மனைவி ஒரே ஒரு முறைதான் அழைத்துப்போக முடிந்தது. சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையின் கடைசி இரண்டு வரிகளில் ஏகப்பட்ட பிழை இருப்பதாக டாக்டருக்கு எடுத்துச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதோடு சரி. கண்தான் அவர் பிழைப்பு. அதற்கே ஒருவன் பரீட்சை வைப்பதா?

இப்போதெல்லாம் வீட்டிலேயே, கணினியில்தான் வேலை. வம்பு அங்கேதான் வந்தது.

முன்பு ஒரு திரையில் ஒரு பக்கம் அடங்கியது. பிறகு அரைப் பக்கம். அப்புறம் ஒரு பத்தி. இந்த வருடம் ஒரு வாக்கியம் தலையைக் காட்டினால், வால் வந்து சேர்வதற்குள் காபி ஆறி ஏடு கட்டிவிடுகிறது.

முதலில் எழுதுகிறவர்கள் மேல்தான் சந்தேகப்பட்டார். ஊரே நீட்டி முழக்க ஆரம்பித்துவிட்டதாக எல்லோரிடமும் புலம்பினார். பிறகுதான் கணினி மேல் பழியைப் போட்டார். மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி அவருடைய ஆள்காட்டி விரல், பக்கத்து விரல்களுக்கெல்லாம் மாமனார் மாதிரி பருத்துவிட்டது.

அச்சகத்தில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். இந்தப் புத்தகமும் தாமதமானால் அடுத்ததை வேறு ஒருவரிடம் கொடுக்கப்போவதாக, மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். அந்த மரியாதைதான் அவரைச் சுட்டது. உடனே சர்வீஸ்காரருக்குப் போன் போட்டார்.

நன்றாக ஓடுகிற கணினியை எதற்குக் கிளற வேண்டும் என்று மனைவி காலையிலிருந்து சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டால்தானே? சர்வீஸ்காரர் உள்ளே வந்ததும் சமையலறைக்குப் போனவள், கழுவி வைத்த தட்டுகளையே எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

சர்வீஸ்காரர் பழைய ஓ.எஸ்ஸை அடியோடு வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். கணினி கண்ணைத் திறந்ததுமே டிக்கெட் எடுக்காமல் ஏறி உட்காரும் புரோகிராம்களையெல்லாம் கீழே இறக்கிவிட்டார். மிதந்து வருகிற ஜன்னல்கள், அவற்றின் நிழல், மினுமினுப்பு என்று எல்லா அலங்காரத்தையும் கழற்றி வைத்தார்.

பொத்தானை அழுத்திய விரலை எடுப்பதற்குள் கணினி குளித்து முடித்துத் தயாராக நின்றது.

சர்வீஸ்காரர் திருத்தவேண்டிய புத்தகத்தைத் திறந்தார். முழுப் பக்கமும் ஒரே திரையில் வந்து உட்கார்ந்தது.

"பாருங்க சார், பறக்குது."

கழுகு பார்த்தார்.

வெள்ளைத் தாளில் யாரோ சாம்பலைத் தூவிவிட்டதுபோல் இருந்தது. கிட்டே போனார். இன்னும் கிட்டே போனார். மூக்கு திரையில் இடித்தது. சாம்பல் எறும்பானது. எறும்பு எழுத்தாகவில்லை.

"எழுத்தை எங்கப்பா வெச்சே?"

"இதான் சார் நார்மல் சைஸ். பழசுல போஸ்டர் மாதிரி இருந்துச்சு. எத்தனை சதவீதம் பெருசாக்கி வெச்சிருந்தீங்க? சொல்லுங்க, அப்படியே வெச்சுடலாம்."

"நானா? நான் எதையும் தொட்டதே இல்லையே."

சர்வீஸ்காரர் அவரைப் பார்த்தார். பிறகு, பார்க்காமல் இருப்பதற்காக, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். கழுகின் கை மவுஸிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"இருநூத்தம்பது," என்றாள் மனைவி கதவோரமாக வந்து நின்று. "மவுஸ் அம்புக்குறிக்கு அஞ்சு."

சர்வீஸ்காரர் அப்படியே வைத்தார். எறும்புகள் வளர்ந்தன, எழுத்தாயின, ஒரு வாக்கியத்தின் முன்பாதி திரை முழுவதையும் நிறைத்துக்கொண்டு நின்றது.

கழுகு அதை மெதுவாகப் படித்தார். உருட்டி, மீதியையும் படித்தார். உண்மையில் மிகவும் சின்ன வாக்கியம். பாவம், எழுதுகிறவர்கள், யாரும் எதையும் நீட்டவில்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்டையை மட்டும் கனைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு படி ஏத்தலாமா?" திரையிடமே கேட்டார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து மவுஸைப் பிடித்தாள்.

"அதை அடுத்த மாசத்துக்குன்னு வெச்சிருந்தேன்," என்றாள்.