மாடத்திலிருந்து ஓர் ஆமா

கால்மேல் கால் போடக் கூடாது. கைதட்டக் கூடாது. வாயைத் திறக்கவே கூடாது.

பார்வையாளர் மாடத்து விதிகளை வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். கைபேசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கீழே சட்டசபை. பாதி நாற்காலிகள் காலி.

திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தவளுக்கு அந்தக் காலி நாற்காலிகளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

அமைச்சர் மசோதாவைப் பற்றிப் பேசினார். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு குழந்தைகளின் படங்களை அசிங்கப்படுத்துகிறவர்களுக்குச் சிறை. அதற்கான செயலியை நடத்துகிறவர்களுக்கும் சிறை. தென்மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை என்று சொல்லி ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

பெயர் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. நாமும் சொல்ல வேண்டாம்.

அந்த மாணவியின் அம்மா மேலே உட்கார்ந்திருக்கிறாள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பக்கத்தில் சுற்றுலா வந்த கல்லூரிப் பெண்கள். எப்போது சாப்பிட விடுவார்கள் என்பது அவர்கள் கவலை.

படம் எடுத்தது அம்மாதான். ஆண்டு விழாவில் பரிசு வாங்கி நின்ற மகளை எடுத்து, பெருமை தாங்காமல் ஸ்டேட்டஸில் வைத்தாள். எவனோ அந்த முகத்தை எடுத்து ஒரு செயலியிடம் கொடுத்தான். மற்றதையெல்லாம் அது செய்துகொண்டது.

காவல் நிலையத்தில் இருந்தவர் நல்ல மனுஷர்தான். சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, படத்தில் இருப்பது உங்கள் மகளின் உடம்பே இல்லையேம்மா, எந்தப் பிரிவில் போடுவது என்று கேட்டார்.

எட்டு மாதம் ஆயிற்று. மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவாள். ஒரே ஒரு நாள், பேப்பரில் வந்த மசோதாச் செய்தியை வெட்டி அம்மாவின் தலையணைமேல் வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா நாயாய் அலைந்தாள். மனுக் கொடுத்தாள், கையெழுத்து வாங்கினாள், எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் தவம் கிடந்தாள்.

இனி நடப்பதற்குத்தான் இந்தச் சட்டம், முன்னால் நடந்ததற்குச் செல்லாது என்று வக்கீல் போன வாரமே சொல்லிவிட்டார். மகளிடம் அதைச் சொல்லும் தைரியம் அவளுக்கு வரவில்லை.

மசோதாவை ஆதரிப்பவர்கள் ஆம் என்க, என்றார் பேரவைத் தலைவர்.

கீழே குரல்கள் எழுந்து அடங்கின.

"ஆமா."

மேலேயிருந்து தனியாக வந்தது அது. தலைகள் நிமிர்ந்தன. தன் குரல் என்று அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

பெண் காவலர் வந்து முழங்கையைப் பிடித்தார்.

"யம்மா, இங்கெல்லாம் நீங்க சொல்லக் கூடாதும்மா. எந்திரிங்க."

மீதியைப் பார்க்க விடவில்லை. சட்டம் நிறைவேறியதா என்று படியிறங்கும்போது கேட்டாள். உங்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்த எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றார் காவலர்.

வாசலில் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கும்போதே அது அடித்தது.

வீட்டு எண்.

எடுத்தாள். முதலில் டிவி இரைச்சல். அதே சபை, அதே குரல்கள். யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள்.

"பாஸ் ஆயிட்டும்மா."

எட்டு மாதம் கழித்துக் கேட்கிற குரல். சளி பிடித்ததுபோல் கொஞ்சம் கட்டியிருந்தது. அவள் மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நமக்கும் உண்டுல்லாம்மா?"

பதில், இல்லை என்ற ஒரே சொல்தான். அதைச் சொன்னால் மகள் போனை வைத்துவிடுவாள்.

அந்தப் பக்கம் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கிறவரைக்கும் கேட்போம் என்று அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.