ஓராள் சீனி

படிவத்தில் ஒரேயொரு கட்டம்தான் மிச்சம்.

கேம்பஸில் மாணவர்களின் இருதயத்தைப் பரிசோதிக்க வந்த டொக்டர், பிரதீஷின் பிரஷரை இரண்டு தரம் அளந்தார். ஆளுக்கு வயது இருபத்து மூன்று, பிரஷருக்கு வயது ஐம்பது.

தகப்பனுக்கு ஐம்பத்தைந்து வயதுக்குள் இருதய நோய் வந்ததா? "ஆம்" என்றால் பெரிய பரிசோதனை. "இல்லை" என்றால் உப்பைக் குறைத்துக்கொண்டு ஓடலாம். வீட்டில் கேட்டு வரச் சொல்லியிருந்தார்.

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அவன் உண்மையைத்தான் எழுதியிருந்தான்.

உடற்பயிற்சி? இல்லை. பஸ் பிடிக்க மூன்று மைல் மலையிறங்குவதை எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

தேநீரில் எத்தனை கரண்டி சீனி? பூச்சியம்.

அதுவும் பொய்யில்லை. அவர்கள் லயத்து வீடுகளில் சாயத்தண்ணிக்குள் சீனி போடமாட்டார்கள். சீனி உள்ளங்கையில் இருக்கும். ஒரு நக்கு, ஒரு மிடறு. உள்ளங்கையைப் பற்றிப் படிவம் கேட்கவில்லை.

"அப்பா, ஒங்களுக்கு நெஞ்சு வருத்தம் ஏதும் வந்திருக்கா?"

"எனக்கா? போடா! மலையில என்னைய முந்த ஒருத்தன் பொறக்கல்ல," என்றார் செல்லச்சாமி.

"இல்லை"யில் சரி போட்டான்.

அம்மா சாயத்தண்ணியோடு வந்து, இருவர் கையிலும் ஒவ்வொரு கரண்டி சீனி வைத்தாள்.

நாலு வருடத்துக்கு முன், அவனுடைய உயர்தரப் பரீட்சை நேரம், அப்பா காய்ச்சலென்று ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்ததிலிருந்து தன் பங்குச் சீனியையும் மகன் கையில்தான் கொட்டுவார். படிக்கிற மூளைக்கு இனிப்பு வேணுமாம். கேம்பஸ் கிடைத்ததில் பாதி அந்தச் சீனியால்தான் என்பது பிரதீஷின் கணக்கு.

இன்றும் அந்தக் கை அவன் பக்கம் சரிந்தது.

"நல்ல வேளை," என்றான் பிரதீஷ். "ஒங்களுக்கு இருந்தா எனக்கும் வரலாமாம்."

கை அந்தரத்தில் நின்றது. நாலைந்து மணி சீனி படிவத்தில் விழுந்தது.

அம்மா கேத்தலிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

செல்லச்சாமி எழும்பிப் போய்த் தன் பங்கைச் சீனி டின்னுக்குள் கொட்டினார். கையைத் தட்டினார். திரும்பி வந்து உட்கார அவருக்கு நேரமெடுத்தது.

"அத வெட்டிட்டு ஆமான்னு போடு."

"அப்பா?"

"அது காய்ச்சல் இல்லடா, நெஞ்சு வருத்தம். அன்னைக்கே சீனியையும் நிப்பாட்டச் சொல்லிட்டாங்க. ஒனக்குச் சொல்லியிருந்தா பொஸ்தகத்தத் தூக்கி எறிஞ்சிட்டு மலை வேலைக்கு வந்திருப்ப."

பிரதீஷ் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

நாலு வருடத்தில் முதல்தடவையாக, அதில் ஓராள் சீனிதான் இருந்தது.