பத்து சென்டிமீட்டர்

மேடுபள்ளம் அளந்து மாணவர் பதியும் எண்களை ஏற்று, எந்திரங்கள் அன்றே வடிகால் கட்டிவிடும் காலம் அது. நில அளவை பயின்ற இளவழகன், நாகூர்த் தெருவொன்றை அளந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்பிச் சரிபார்த்தபோது உயரக் கணக்கு பத்து சென்டிமீட்டர் உதைத்தது. வெயிலுக்கு அஞ்சி, மீண்டும் அளக்காமல் ஓர் எண்ணை மாற்றிப் பொருத்திவிட்டான்.

முதல் மழையிலேயே சாக்கடை நீர் அத்தெருவில் குடியிருந்த ரஹ்மத் பீவியின் அடுக்களைக்குள் புகுந்தது. இளவழகன் வாளியோடு ஓடிச்சென்று இறைத்தான்.

"எல்லாம் அந்த எந்திரம் பண்ணுன வேலை, தம்பி. மனுசன் வந்து அளந்திருந்தா எங்க வீட்டுப் பள்ளம் கண்ணுல பட்டிருக்காதா?" என்றார் அவர்.

"அம்மா, நான்தான்..." என்று தொடங்கினான்.

"நீங்கதான் காலையிலேருந்து எறைக்கிறீங்களே, போதும், உக்காருங்க" என்று, நனையாதிருந்த ஒரே நாற்காலியை அவன்பக்கம் நகர்த்தினார்.

இளவழகன் நின்றுகொண்டே இருந்தான்.