தண்ணீர்க் குடம் சுமந்தவன்

"நீங்க செய்தது களவாக்கும்! கோயிலுக்குள்ள நின்னு செய்த களவு!"

வேதக்கோயிலில் சாயங்கால ஆராதனை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் எலிசாள் தொடங்கிவிட்டாள்.

அவள் புருஷன் ஏசுவடியான் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"ஐயர் ரெண்டு வார்த்தை சொன்னாரு, நீங்க இருபது சொன்னீங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, சரி. நீங்க சொன்ன தமிழ் எனக்குத் தெரியாதா? உங்க நோட்டுப் பிரசங்கம்லா அது!"

ஏசுவடியான் ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீசில் நகல் குமாஸ்தா. ஆறு நாள் அடுத்தவர் எழுதியதை எழுதுவார். ஏழாம் நாள் அடுத்தவர் பேசியதைப் பேசுவார்.

வெள்ளைக்கார மிஷனரியை நம் ஜனங்கள் ஐயர் என்பார்கள். பிளமர் ஐயர் காலேஜில் பாடம் நடத்தியே தலை நரைத்தவர், தமிழ் வராது. அவர் பிரசங்கபீடத்தில் நின்று இங்கிலீஷில் பேசப் பேச, ஒரு படி கீழே நின்று ஏசுவடியான் தமிழில் சொல்லுவார். இங்கிலீஷ் வரும்போது சபை விசிறிக்கொள்ளும். தமிழ் வரும்போது காது கொடுக்கும். பதினெட்டு வருஷமாக இப்படித்தான்.

அந்த ஒரு படி ஏற ஆசை இல்லாமலா இருக்கும்? ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் சொந்தப் பிரசங்கம். அது போதும் அவருக்கு. சபைப் போதகரிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் "பாப்போம் வே" என்று பதில் வந்தது. போதகர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பிரசங்கம் மட்டும் எப்போதோ தயார். ஒரு நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அடுக்களையில் எலிசாளிடம் பேசிக் காட்டிக் காட்டி, அவளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

பஸ்கா பண்டிகை நாளில் இயேசுவின் சீஷர்களுக்கு எதிரே தண்ணீர்க் குடம் சுமந்து வந்தானே ஒரு மனுஷன், அவனைப் பற்றியது. வேதத்தில் அவனுக்குப் பேர் இல்லை. அவன் பேதுருவைப்போலப் பெரிய சீஷனாக ஆசைப்படவில்லை. தன் குடத்தைச் சிந்தாமல் வீடு கொண்டுபோய்ச் சேர்த்தான். அவன் பின்னாலேயே போனதால்தான் கர்த்தரின் கடைசிப் பந்திக்கு ஓர் அறை கிடைத்தது.

இன்றைக்குக் கோயிலில் ஒலித்தது அதுதான். அதுவும் ஐயரின் கடைசிப் பிரசங்கத்தில்! வெள்ளைக்காரர் ஆட்சி போய் இரண்டு வருஷம் கழித்து, நாளைக்கு அவரும் சீமைக்குப் போகிறார். சபை மூக்கைச் சிந்தி அழுதது. மணியடிக்கிற தங்கப்பன் ஐயரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் ஐயரே" என்றான்.

"போதகர் ஊர்ல இல்ல. இங்கிலீஷ் படிச்சவங்க காலம்பற ஆராதனைக்கே போயாச்சு. கேக்க ஆளில்லன்னு தைரியம், இல்லியா?" எலிசாள் விடவில்லை. "அந்த மனுசன் கடைசியா சொல்ல வந்ததை எங்க காதுல விழாம ஆக்கிட்டீங்க. பெரிய ஆளாகணும்னு அவ்வளவு ஆசையா?"

அது தைத்தது.

"ஆசை இருந்தது நெசந்தான்" என்றார் ஏசுவடியான்.

"நாளைக்கு ஸ்டேஷன்ல ஐயர்கிட்ட நானே மாப்பு கேக்கப் போறேன்."

"வேண்டாம் எலிசா."

வேண்டாம் என்றால் கேட்கிறவளா அவள்?

மறுநாள் தம்பானூர் ஸ்டேஷனில் சபை மொத்தமும் மாலையோடு நின்றது. எலிசாள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ரயில் ஜன்னலுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே ஓடினார் ஏசுவடியான்.

"ஐயரே, எங்க வீட்டுக்காரர் நேத்து ஒரு தப்பு..."

ஐயர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னார். நிறுத்தினார். எதையோ தேடுகிறவர்போல அவள் முகத்தையே பார்த்தார். மறுபடி சொன்னார். பிறகு மறுபடியும்.

எலிசாளுக்கு மொழிதான் தெரியாது, காது உண்டு. மூன்று தடவையும் ஒரே சத்தம். நேற்றுப் பீடத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்ததும் இதே சத்தம்தான். உள்ளே உட்கார்ந்திருந்த ஐயரின் மனைவி, ஏசுவடியானைப் பார்த்துக் கண்ணீரோடு கைகூப்பினாள்.

"என்ன சொல்லுகாரு?" எலிசாளின் குரல் இறங்கிவிட்டது.

"போறதுக்கு முந்தி உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு சொல்லுகாரு."

"பெறவு?"

"பெறவு ஒண்ணும் இல்ல எலிசா. ஓர்மை போயாச்சு, எல்லாம் மறந்துபோச்சு. நேத்து அரைமணி நேரமும் இதையேதான் சொன்னாரு." ஏசுவடியான் ஐயரைப் பார்த்தார். "எப்பேர்ப்பட்ட பிரசங்கி! அத்தனை பேருக்கு முன்னால அவரை எப்படி அப்படியே விட? என்கிட்ட இருந்தது அந்த நோட்டு ஒண்ணுதான்."

எலிசாளுக்கு இப்போது புரிந்தது. சபைக்கு இனி அது ஐயர் பிரசங்கம். எந்தப் பீடத்திலும் இந்த மனுஷன் அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது.

வண்டி ஊதியது. தங்கப்பன் முண்டியடித்துக்கொண்டு வந்தான்.

"எக்கா, ஐயரு ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?"

கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. எலிசாள் புருஷனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"அந்தத் தண்ணிக்கொடம் சொமந்த மனுசனை மறந்திராதீங்கன்னு சொன்னாரு!"