இடது பக்கத்தைத் தின்னும் கம்ப்யூட்டர்

"அண்ணே, கடிகாரப் படத்துல ஏழுலேருந்து பதினொண்ணு வரைக்கும் காணோம். எங்க கம்ப்யூட்டர் மறுபடியும் தின்னுடுச்சு. படத்தைத் தலைகீழாத் திருப்பி வச்சு ஒரு தடவை பார்த்துட்டு, திரும்பப் பிடிஎஃப் போட்டு அனுப்புங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார் ஃபைலம்மா. பின்னால் முதலாளி நின்றிருந்தார். கூடவே ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்.

"கேட்டீங்களா தம்பி? தலைகீழாத் திருப்பினா பிடிஎஃப் சரியாயிடுமாம். அப்படியே நாலு தோப்புக்கரணமும் போடச் சொல்ல வேண்டியதுதானே!"

மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பள்ளிக்கூடச் சுவர்ப் படங்கள் அச்சடிக்கும் அச்சகம் அது. ஓவியர்கள் அனுப்பும் படங்களைத் திரையில் சரிபார்த்து அச்சுத் தகட்டுக்கு அனுப்புவது அந்த அம்மாளின் வேலை. பதினாறு வருஷமாக அதே நாற்காலி, அதே ஃபைல்கள். அதனால்தான் எல்லோருக்கும் அவர் ஃபைலம்மா.

ஆறு மாதமாகத்தான் இந்தத் தொல்லை. அதுவும் ஒரே ஒரு ஓவியரின் படங்களில். வண்ணத்துப்பூச்சி வந்தால் இடது சிறகில் புள்ளிகள் இருக்காது. பஸ் வந்தால் இடது பக்கச் சக்கரம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் போன், திருப்பி வைக்கச் சொல்வது, அரை நாள் தாமதம்.

"மத்தவங்க படமெல்லாம் ஒழுங்கா வருது. அவர் படம் மட்டும் எப்படிம்மா கெடும்?"

"அவரோட சாஃப்ட்வேரும் நம்ம கம்ப்யூட்டரும் ஒத்துவரலை சார்."

"இதையே எத்தனை நாள் சொல்வீங்க? இன்னிக்குத் தெரிஞ்சாகணும். கோளாறு கம்ப்யூட்டர்லன்னா அதை மாத்தறேன். உங்ககிட்டன்னா, நாளையிலேருந்து நீங்க தாள் மடிக்கிற பிரிவு."

ஃபைலம்மா எழுந்து இடம் விட்டார்.

மெக்கானிக் உட்கார்ந்த வேகத்தில் ஒரு பூப்படத்தைத் திறந்தார். "இதோ பாருங்க சார், இலைக்கு நடுவுல வெள்ளைக் கோடு. கோளாறு இங்கதான்."

"அது இல்ல தம்பி. ரெண்டு வடிவம் ஒட்டுற இடத்துல திரை காட்டுற கோடு அது. பெருசாக்கிப் பாருங்க, கோடு தடிக்காது. அச்சுலயும் வராது."

பெரிதாக்கினார். கோடு தடிக்கவில்லை. மெக்கானிக் அந்த அம்மாளை ஒரு மாதிரி பார்த்தார். இவ்வளவு தெரிந்தவரா படத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொல்கிறார்?

அதற்குள் ஓவியரிடமிருந்து புது பிடிஎஃப் வந்து விழுந்தது. கடிகாரத்தில் பன்னிரண்டு எண்களும் இருந்தன.

"இது என்ன கூத்து!" என்றார் முதலாளி.

"இருங்க சார். காலையில பிடிஎஃப்கூட அவர் வரைஞ்ச மூல ஃபைலையும் அனுப்பியிருக்கார். அதைத் திறந்து பார்க்கறேன்," என்றார் மெக்கானிக்.

"அது வேண்டாம் தம்பி..." முதல் தடவையாக ஃபைலம்மாவின் குரல் தடுமாறியது.

மெக்கானிக் திறந்துவிட்டார். ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துப் பார்த்தார். ஏழு இல்லை, எட்டு இல்லை. எதன் அடியிலும் ஒளிந்திருக்கவும் இல்லை.

"சார், இங்க எதுவும் தொலையலை. அவர் வரையவே இல்லை. உங்க கம்ப்யூட்டர் கல்லு மாதிரி இருக்கு."

முதலாளியின் முகம் சிவந்தது. "அப்ப ஆறு மாசமா என்கிட்ட பொய்யா? அவர் அரைகுறையா வரைஞ்சு அனுப்புவார், நீங்க மூடி மறைப்பீங்க. நல்ல கூட்டணி!"

"தப்புதான் சார். நான் மடிக்கிற பிரிவுக்கே போயிடறேன். அவர் வேலையில மட்டும்..."

"அவருக்கும் இருக்கு!"

போனை எடுத்தார். ஓவியரின் மனைவி பேசினார். அவர் உள்ளே கை கழுவிக்கொண்டிருக்கிறாராம். முதலாளிக்குப் பொறுமை இல்லை. எல்லாவற்றையும் மனைவியிடமே கொட்டினார்.

மனைவி தணிந்த குரலில் சொன்னார்.

"ஐயா, போன வருஷம் அவருக்கு மூளையில ரத்தக்குழாய் அடைச்சுதே, அதுக்கப்புறம் இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவர் மனசுல படலை. கண்ணு நல்லாத்தான் இருக்கு. தட்டுல இடது பாதி அப்படியே இருக்கும், 'இன்னும் பசிக்குது, போடு'ம்பார். நான் எடுத்துச் சொன்னா, 'முப்பது வருஷமா வரையறவனுக்கு நீ பாடம் நடத்தறியா'ன்னு எரிஞ்சு விழுவார்."

"ம்."

"உங்க ஃபைலம்மா ஒரு நாள் பார்க்க வந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லலை, சாப்பிட்டுக்கிட்டு இருந்தவர் தட்டை மெதுவாத் திருப்பி வச்சாங்க. மிச்சத்தையும் சாப்பிட்டார். மறுநாள்லேருந்துதான்யா அவங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு."

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"படத்தைத் திருப்பினதும் விட்டது அவர் கண்ணுல படுது. 'பாரு, அந்தக் கம்ப்யூட்டர் தின்னுடுச்சு'ன்னு சிரிச்சுக்கிட்டே வரைஞ்சு முடிச்சிடறார். இதோ, அவரே வந்துட்டார்."

போன் கை மாறியது.

"வணக்கம் முதலாளி! என்ன, உங்க கம்ப்யூட்டர் இன்னும் சரியாகலையா? பாவம், ஃபைலம்மா அதோட எத்தனை நாள் மல்லுக்கட்டுவாங்க? நல்ல மெக்கானிக்கா ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டக் கூடாதா?"

முதலாளி திரும்பினார். ஃபைலம்மா மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"காட்டிட்டேங்க," என்றார். "சரிபண்ணவே முடியாத கோளாறாம். ஃபைலம்மாவை விட்டா அதை வச்சு வேலை வாங்க வேற ஆளே கிடையாதாம்."