விரிப்பின் மறுமுனை

மூன்று மணிக் காட்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அந்தச் செய்தி என் போனுக்கு வந்தது.

அனுப்பியவர் இன்னொரு நாட்டு அரங்கத்தில் என்னைப் போலவே கேமராவையும் வயரையும் கட்டிக்கொண்டு அழுகிறவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை ஆங்கிலம்தான். அதனால் ஒரே வரியில் முடித்திருந்தார். அக்கரை அக்கா காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார்.

அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன்.

அக்கரை அக்கா என்பது மாணவர்கள் வைத்த பெயர். எங்கள் நாடக டீச்சருக்கும் அவருக்கும் ஒன்பது வருடப் பழக்கம். டீச்சர் இங்கே மேடையில் நிற்பார். அக்கா தன் ஊர் மேடையில் நிற்பார். நடுவில் ஆளுயரத் திரை. இவர் தமிழில் கேட்க, அவர் தன் மொழியில் பதில் சொல்வார். ஸ்டூல் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து ஆரம்பித்த வகுப்பு, இன்று இரண்டு நாட்டுக் கல்லூரிகளிலும் பாடமாகிவிட்டது. இத்தனைக்கும் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

இந்த நாடகத்தில் இருவரும் உடன்பிறந்தவர்கள். அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்கிறார்கள். ஒரு பெரிய படுக்கை விரிப்பை மடிக்க வேண்டும். ஒரு முனை டீச்சர் கையில், மறுமுனை திரைக்குள் அக்கா கையில். உண்மையில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று, ஒரே பூப்போட்ட இரண்டு விரிப்புகள். ஒன்றாகக் காட்டுவதுதான் என் பிழைப்பு.

அங்கிருந்து பதில் வந்து சேர இரண்டு நொடி ஆகும். அந்தத் தாமதத்தை ஒழிக்க நானும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன், முடியவில்லை. டீச்சருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. “கேள்வி அவ்வளவு தூரம் போய்ட்டு வர வேண்டாமா?” என்று மாணவர்களிடம் சொல்வார். கேட்டுவிட்டு விரிப்பை ஒரு முறை உதறுவார். உதறி முடிக்கவும் பதில் வரவும் சரியாக இருக்கும்.

அவரிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். மனுஷன் செய்கிற வேலை அதுதான்.

ஒப்பனை அறை வரை போனேன். டீச்சர் ஒரு மாணவிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். வாயில் கொண்டை ஊசியைக் கடித்தபடியே, “லைன் வந்தாச்சா?” என்றார்.

வந்தாச்சு என்று தலையாட்டிவிட்டேன்.

பயம், வேறென்ன. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இது இறுதித் தேர்வு. பெட்டி தூக்குகிறவர்களாகவும் பக்கத்து வீட்டுக்காரர்களாகவும் மேடையில் நிற்கப் போகிறார்கள். முன்வரிசையில் மதிப்பெண் போட வந்தவர்கள், பின்னால் பெற்றவர்கள். டீச்சர் உடைந்துவிட்டால் எல்லாம் உடைந்துவிடும். முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன வார ஒத்திகையின் பதிவு கையில் இருந்தது. அக்கா பேசும் பதினொரு வசனங்களையும் துண்டு துண்டாக வெட்டி வரிசையில் வைத்தேன். நடுவில் அவர் சும்மா நிற்கும் படம் ஓடும். டீச்சர் கேட்டு முடித்ததும் பொத்தானை ஒரு தட்டுத் தட்ட வேண்டியதுதான்.

திரை ஒளிர்ந்தது. அக்கா விரிப்போடு நின்றார். சபையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஜன்னலைச் சாத்திவிட்டாயா என்று டீச்சர் கேட்டார். முதல் கேள்வி அது. தட்டினேன். அக்கா நிமிர்ந்து பதில் சொன்னார்.

உதறத் தூக்கிய விரிப்போடு டீச்சரின் கை அந்தரத்தில் நின்றது.

வசனம் மறக்கிற ஆளே இல்லை அவர். திரையைப் பார்த்தார். திரும்பி, சபைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்த கண்ணாடி அறையைப் பார்த்தார். பிறகு விரிப்பை மெதுவாக உதறிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனார்.

பதினொன்றையும் தட்டினேன். ஒரு பதில்கூடப் பிந்தவில்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு காட்சியும் ஓடியதில்லை என்று, அந்த நேரத்திலும் வெட்கம் கெட்ட ஒரு பெருமை எனக்குள் எட்டிப் பார்த்தது.

சபை எழுந்து நின்று கைதட்டியது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

டீச்சர் வேஷத்தைக்கூடக் கலைக்காமல், மடித்த விரிப்போடு படியேறி என் அறைக்கு வந்தார். போனை நீட்டினேன். வாங்கவில்லை. நான் நீட்டிய விதமே போதுமானதாக இருந்தது.

வயர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. வயரைச் சுருட்டுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வெளியே நாற்காலிகளை ஒழுங்குபடுத்தும் சத்தம் கேட்டது. நாளைக்கும் இதே மூன்று மணிக்கு ஒரு காட்சி இருக்கிறது.

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கதவருகில் போய் நின்றார்.

“தம்பி, நாளைக்கு நான் கேட்டதும் தட்டிடாதீங்க. ரெண்டு எண்ணுங்க. அவ அவ்வளவு தூரத்துலேருந்து வரணும்ல.”